விதை காக்கும் தகர டின்: அடைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலங்களில் பெரும்பகுதி மழையையும் கண்மாய்த் தண்ணீரையும் நம்பியவை. நெல், நிலக்கடலை, உளுந்து, துவரை முதலியன இங்குச் சாகுபடியாகின்றன. தை, மாசியில் கண்டெடுத்த உளுந்தை அடுத்த ஆடி அல்லது புரட்டாசிப் பட்டத்தில் விதைக்க வேண்டுமானால், ஆறு அல்லது ஏழு மாதம் வீட்டில் வைத்துக் காக்க வேண்டும். அந்த ஏழு மாதத்துக்குள் சித்திரை, வைகாசி வெயில் ஒரு பக்கம். ஆவணி, புரட்டாசியின் ஈரக்காற்று மற்றொரு பக்கம்.

ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதை போதும். இதன் விலை பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால், மானாவாரி நிலத்தில் மழை பெய்த பின் விதைப்பதற்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அப்போது விதைத்தது முளைக்காவிட்டால், வேறு விதை தேடி வாங்கி வருவதற்குள் ஈரம் போய்விடும். அதாவது, கெட்டுப்போவது 8 கிலோ உளுந்து மட்டுமல்ல. ஒரு பட்டமே கைநழுவிப் போகிறது. ஆகவே, சிறு விவசாயியின் வீட்டில் விதை இருக்கும் கலம் மிக முக்கியமானது.

குதிரும் டின்னும்

நம் முன்னோர் நெல்லைக் குதிரிலும், குலுக்கையிலும், பத்தாயத்திலும் வைத்தனர். விதை நெல்லை வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி வைத்தனர். பயறுகளை மண்பானையில் இட்டு, வேப்பிலை, நொச்சி இலை போட்டு வாயை மூடினர். இவை நல்ல முறைகளே. இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. மண்ணும் வைக்கோலும் சிறிது மூச்சு விடும். தானியத்தில் கொஞ்சம் ஈரம் மிகுந்திருந்தாலும் அது மெல்ல வெளியேறும். அதே வழியில் மழைக்கால ஈரம் உள்ளேயும் புகும். எலியும் வண்டும் புகவும் இடமுண்டு.

தகர டின் இதற்கு நேர்மாறானது. நாம் தகரம் என்று சொல்வது, மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியது. 1810ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் உணவுப் பொருளைத் தகரக் கலத்தில் அடைத்து வைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். நம் நாட்டில் தகர டின்னைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்தது மண்ணெண்ணெய். டின்னுக்கு வேண்டிய தகட்டை உள்நாட்டிலேயே செய்வதற்காக 1920இல் பர்மா எண்ணெய்க் கம்பெனியும் டாடா நிறுவனமும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் தகரத் தகட்டுத் தொழிற்சாலையை ஏற்படுத்தின. மண்ணெண்ணெய் தீர்ந்த டின்னில் அரிசியும் பருப்பும் குடியேறின. பிறகு வனஸ்பதி டின்னும், சமையல் எண்ணெய் டின்னும் அதே வேலையைச் செய்தன. இன்று பிளாஸ்டிக் வாளிகளும் கேன்களும் வந்துவிட்ட போதிலும், சதுர எண்ணெய் டின் மளிகைக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும். தகரத்தைக் கடிக்க முடியாது.

சுமார் 18 லிட்டர் கொள்ளும் இந்தச் சதுர டின்னில் உளுந்து ஏறத்தாழ 14 கிலோவும், நெல் ஏறத்தாழ 10 கிலோவும் பிடிக்கும். ஒரு டின் உளுந்து ஒன்றரை ஏக்கருக்குப் போதுமான விதை. திருந்திய நெல் சாகுபடி முறையில் நாற்றுவிட ஏக்கருக்கு 3 கிலோ விதை போதுமென்பதால், ஒரு டின் நெல் மூன்று ஏக்கருக்கு வரும்.

டின் செய்வதும் செய்யாததும்

தகரம் மூச்சு விடாது. இதுவே டின்னின் பலம். இதுவே அதன் பலவீனமும் ஆகும். வெளியிலுள்ள ஈரத்தை அது உள்ளே விடாது. அதுபோல் உள்ளேயுள்ள ஈரத்தை வெளியேயும் விடாது. நன்றாகக் காய்ந்த விதையை அடைத்தால் காய்ந்த விதையாகவே வைத்திருக்கும். அரைகுறையாகக் காய்ந்த விதையை அடைத்தால், மண்பானையைவிட விரைவில் கெடுத்துவிடும். டின்னில் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பது தவறு. விதையின் ஆயுள், டின்னை மூடும் நாளிலேயே பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது.

விதையும் உயிருள்ள பொருள். அது மிக மெதுவாகச் சுவாசிக்கிறது. ஈரம் கூடினால் சுவாசமும் கூடும், வெப்பம் உண்டாகும், பூசணம் பிடிக்கும், புளித்த வாடை வரும். விதையின் ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை உள்ள நிலையில், ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது விதை விஞ்ஞானத்தில் நெடுநாளாக உள்ள பொது விதி. அதேபோல், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரு மடங்காகும்.

காற்றுப்புகாத கலத்தில் வைக்கும் விதை, சாக்கில் வைக்கும் விதையைவிட அதிகமாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதை விதைச் சான்று விதிகளும் வற்புறுத்துகின்றன. நெல் விதை சாக்கில் வைக்க 13 சதவீத ஈரப்பதம் வரை இருக்கலாம். ஈரம் புகாத கலத்தில் வைக்க 8 சதவீதத்துக்கு மேல் கூடாது. உளுந்து, பாசிப்பயறு விதைக்குச் சாக்கில் 9 சதவீதம்; ஈரம் புகாத கலத்தில் 8 சதவீதம்.

நெல்லில் 8 சதவீதம் வரை வெயிலில் மட்டும் உலர்த்துவது கடினம். ஆகவே, வீட்டில் விதை நெல்லைக் கோணிப்பையிலோ குதிரிலோ வைப்பதே எளிது. டின்னை முக்கியமாகப் பயறு வகைகளுக்கு ஒதுக்குவது நல்லது. பயறு நம் வெயிலில் எளிதில் காயும். வண்டால் அதிகம் பாதிக்கப்படுவதும் பயறுதான். நெல்லை டின்னில்தான் வைக்க வேண்டுமென்றால் கூடுதலாக உலர்த்தி, அடுத்த பட்டத்துக்குள் விதைத்துவிட வேண்டும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரையுள்ள நெல்லை வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே எடுத்துக்கொண்டார்கள் என்பதால் அந்த நெல் டின்னில் அடைக்கத் தகுதியானது என்று எண்ணிவிடக் கூடாது. அது உடனே அரவைக்குப் போகும் நெல்லுக்கான அளவு.

பயறு வண்டு வீட்டில் பிறப்பதில்லை

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை ஆகியவற்றைத் துளைக்கும் பயறு வண்டு, வீட்டில் வந்து பிடிப்பதாகவே பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது வயலிலேயே தொடங்குகிறது. முற்றிய காய்களின்மேல் வண்டு முட்டையிடுகிறது. அறுவடையோடு அது களத்துக்கும், களத்திலிருந்து வீட்டுக்கும் வருகிறது. ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை இடும். முட்டை பயறின் தோலில் வெள்ளைப் புள்ளிபோல் ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் புழு நேரே பயறுக்குள் துளைத்துச் சென்று உள்ளேயே தின்று வளரும். வட்டமான துவாரத்தை நாம் காணும்போது வண்டு வெளியேறியிருக்கும். நம் தட்பவெப்பத்தில் ஒரு தலைமுறை நான்கைந்து வாரத்தில் முடிந்துவிடும். மாசி முதல் புரட்டாசி வரை எத்தனை தலைமுறை என்று கணக்கிட்டால், வைக்கும்போது கண்ணுக்கே தெரியாத முட்டைகள் எடுக்கும்போது எப்படி மாவாகிப் போகின்றன என்பது விளங்கும்.

இங்கே டின் பெரிதும் உதவுகிறது. வாய்வரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடிய டின்னில், புழுவும் வண்டும் சுவாசிக்கச் சுவாசிக்கப் பிராணவாயு குறைகிறது, கரியமிலவாயு பெருகுகிறது. பிராணவாயு 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் பூச்சிகள் மடிகின்றன. அதற்கு முன்பே தின்பதும் முட்டையிடுவதும் குறைந்துவிடும். மருந்தில்லாமலே பூச்சி அடங்கும் வழி இது. ஆனால், இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, டின் நிறைந்திருக்க வேண்டும். பாதி டின்னில் மீதி இடம் முழுவதும் காற்று. அந்தக் காற்று வண்டுக்கு நெடுநாள் போதும். இரண்டு, டின்னைத் திறக்கக் கூடாது. ஒருமுறை திறந்தால் புதுக் காற்று உள்ளே போய்விடும்.

எனவே, சமையலுக்கு வேண்டிய பயறும் விதைப் பயறும் ஒரே டின்னில் இருக்கவே கூடாது. சமையல் டின் நாள்தோறும் திறக்கப்படும். விதை டின் மூடிய நாளுக்குப் பிறகு விதைக்கும் முன் சோதனைக்காக மட்டுமே திறக்கப்பட வேண்டும். சிறு விவசாயிக்குப் பெரிய தகரக் குதிர் ஒன்றைவிடச் சிறு டின்கள் பல இருப்பது மேல். ஒன்றைத் திறந்தாலும் மற்றவை மூடியே இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும்.

அதிக விளைச்சல் உள்ளவர்களுக்குத் தகரக் குதிர்கள் உண்டு. 1960களில் மத்திய அரசு தொடங்கிய தானியப் பாதுகாப்பு இயக்கத்தின் வாயிலாக, உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில் வடிவமைத்த உலோகக் குதிர்கள் பல மாநிலங்களில் பரவின. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டில், 1980களில் சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன் உள்ளூர்த் தகர வேலைக்காரர்களுக்கே பயிற்சி தந்து மக்காச்சோளத்துக்கான சிறு தகரக் குதிர்களைச் செய்வித்தனர். அம்முறை அண்டை நாடுகளுக்கும் பரவியது. எந்த ஊரிலானாலும் அடிப்படை ஒன்றே: காய்ந்த தானியம், ஓட்டையில்லாத கலம், இறுகிய மூடி.

பழைய டின்னைத் தயார் செய்தல்

1. சமையல் எண்ணெய், வனஸ்பதி போன்ற உணவுப் பொருள் இருந்த டின்னையே எடுக்க வேண்டும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டின்னை, எவ்வளவு புதிதாக இருந்தாலும், வாங்கக் கூடாது.

2. சலவைச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கி, இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மீதமிருந்தால் சிக்கு வாடை பயறில் ஏறும்.

3. கழுவிய டின்னில் வாய்வரை தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் உலர்ந்த தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். அடியிலோ, ஓரத் தையலிலோ கசிவு தெரிந்தால் ஈயப் பற்று வைத்து அடைக்க வேண்டும். பற்று டின்னின் வெளிப்பக்கம் இருப்பது நல்லது.

4. தண்ணீரைக் கொட்டிவிட்டு, முழு நாள் வெயிலில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காய வைக்க வேண்டும். மூலையில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் துருவும் பூசணமும் அங்கிருந்து தொடங்கும்.

5. உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்து துரு ஏறிய டின்னை விதைக்கும் உணவுக்கும் ஒதுக்கிவிட வேண்டும்.

6. மூடி தளர்ந்திருந்தால், பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி மூடியும் டின்னும் சேரும் இடத்தில் இறுக்கிச் சுற்றலாம். தேன்மெழுகை உருக்கி ஓரத்தில் பூசலாம்.

உலர்த்துதலும் அடைத்தலும்

பயறைப் பிரித்துப் புடைத்து, உடைந்தது, நொறுங்கியது, ஓட்டை விழுந்தது ஆகியவற்றை நீக்க வேண்டும். பிறகு சுத்தமான சிமெண்டுக் களத்திலோ, தார்ப்பாயின் மேலோ மெல்லிதாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் காய வைக்க வேண்டும். விதைக்கான தானியத்தைக் காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் காய வைப்பதே முறை. பகல் 12 மணி முதல் 3 மணி வரை கடும் வெயிலைத் தவிர்க்க வேண்டும். தார்ச்சாலையில் உலர்த்துவது விதைக்கு ஆகாது; சூடு மிகுந்து முளைப்புத்திறன் குறையும்; வண்டிச் சக்கரத்தால் உடைவும் ஏற்படும்.

காய்ந்ததா என்று அறிய, பல்லால் கடித்துப் பார்க்கும் பழைய வழி நல்ல வழியே. பற்குறி பதிந்து நசுங்கினால் காயவில்லை. ‘கடுக்’ என்று ஒடிந்தால் காய்ந்தது. மற்றொரு சோதனையும் உண்டு. நன்கு காய வைத்த உப்புத்தூளைக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு தானியத்துடன் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு புட்டியின் ஓரத்தில் ஒட்டினால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே அறியலாம். டின்னில் அடைக்க அது போதாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரப்பதமானி உண்டு. ஒரு கைப்பிடி பயறைக் காற்றுப் புகாத பையில் கட்டிக் கொண்டுபோய்க் கேட்டால் சரியான அளவு தெரிந்துவிடும்.

காய்ந்த பயறை நிழலில் சூடு ஆறவிட்டு, அன்று மாலையே அடைத்துவிட வேண்டும். இரவு பனியில் திறந்து கிடந்தால், இரண்டு நாள் காய்ந்தது வீணாகும். சூடு ஆறாமல் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்க்கும். நிரப்பும்போது டின்னைத் தரையில் மெல்லத் தட்டித் தட்டி வாய்வரை நிரப்ப வேண்டும். டின் நிறையும் அளவுக்குப் பயறு இல்லையென்றால், பயறின் மேல் துணி விரித்து, நன்கு காய்ந்த மணலையோ சாம்பலையோ குறைந்தது நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பலாம். காற்றுள்ள இடமும் குறையும். வண்டு மேலேறிப் பெருகுவதும் தடைப்படும்.

உணவுக்கான பயறாயின், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி கடலை எண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் சேர்த்து எல்லாப் பயறிலும் படும்படி பிசறி வைக்கலாம். எண்ணெய் பட்ட முட்டை பொரிக்காது. விதைக்கு வேப்பெண்ணெயும் ஆகும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைக்கும் வழக்கம் நம் செம்மண் பூமியில் நன்கு தெரிந்ததே. அதையும் கைவிட வேண்டியதில்லை. ஆனால், மண் கட்டிய துவரை முழுவதும் காய்ந்த பிறகே டின்னுக்குள் போக வேண்டும்.

நாள்தோறும் திறக்கும் சமையல் டின்னுக்கு, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி ஏற்றது. துளைகளுள்ள இந்தக் குழாயைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழுந்துவிடும். வாரம் ஒருமுறை கொட்டிப் பார்த்தால், வண்டு தொடங்கிவிட்டதா என்பது முன்கூட்டியே தெரியும்.

டின்னை வைக்கும் இடம்

தகரம் பகலில் விரைவில் சூடேறி, இரவில் விரைவில் குளிரும். சூடான பக்கத்திலுள்ள ஈரம் குளிர்ந்த பக்கத்துக்கு நகர்ந்து, மூடியின் கீழும் ஓரத்திலும் நீராகப் படியும். மேற்பரப்பிலுள்ள விதை மட்டும் கட்டியாகிப் பூசணம் பிடிப்பதற்கு இதுவே காரணம். எனவே, வெயில் படும் சுவரை ஒட்டியோ, தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரண்மீதோ டின்னை வைக்கக் கூடாது. ஓட்டு வீட்டின் உள்ளறை, சுவரிலிருந்து ஒரு சாண் விலகி, மரப்பலகையின் மேல் என்று இடம் அமைய வேண்டும். மண் தரையில் நேரே வைத்தால் அடித்தகடு துருப்பிடிக்கும். அடுப்பங்கரையும் ஆகாது.

டின்னில் வைக்கக் கூடாதவை

புளி, ஊறுகாய், உப்பு, வெல்லம் ஆகியவற்றைத் தகர டின்னில் வைக்கக் கூடாது. புளிப்பும் உப்பும் வெள்ளீயத்தை அரித்து இரும்பைத் துருவாக்கும். பற்றவைத்த ஈயமும் கரைந்து உணவில் சேரும். புளிக்கு மண்பானையே சிறந்தது. நிலக்கடலை விதையைக் காயாகவே காற்றோட்டமுள்ள சாக்கில் வைக்க வேண்டும். ஒரு டின்னில் நான்கைந்து கிலோ காய்தான் பிடிக்கும் என்பதால் டின் கட்டுப்படியும் ஆகாது. ஈரமுள்ள கடலையை அடைத்தால் பூசணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும்.

பூச்சிமருந்து டின்: உயிருக்கு ஆபத்து

பூச்சிமருந்து இருந்த டின்னையோ, புட்டியையோ, கேனையோ எவ்வளவு கழுவினாலும் உணவுக்கோ, விதைக்கோ, தீவனத்துக்கோ, தண்ணீருக்கோ பயன்படுத்தக் கூடாது. 1958இல் கேரளத்தில், பாரத்தியான் என்ற மருந்து கலந்துவிட்ட உணவுப் பொருளை உண்டு 100 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின்னரே நாட்டில் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் மருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. முன்பு மருந்து வைத்திருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்று அதிகாரிகள் அப்போது கூறினர்.

மருந்து தீர்ந்ததும் டின்னை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட வேண்டும். பிறகு டின்னை ஓட்டையிட்டு நசுக்கி, வீடு, கிணறு, கண்மாய் ஆகியவற்றுக்குத் தொலைவில் புதைக்க வேண்டும். 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளும் இவ்வாறே கூறுகின்றன. ஓட்டை விழுந்த டின்னை யாரும் எடுத்து அரிசி போட மாட்டார்கள்.

அதுபோல், நச்சுப்புகை தரும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு டின்னுக்குள் போடுவது பெரும் ஆபத்து. அந்தப் புகை மூடியிடுக்கு வழியே கசிந்து உறங்குபவரின் உயிரைப் பறிக்கும். வீட்டில் அதற்கு இடமே இல்லை.

விதைக்கும் முன் ஒரு சோதனை

விதைப்புக்கு மூன்று வாரத்துக்கு முன் விதை டின்னைத் திறந்து, மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி வைக்க வேண்டும். சாக்கு காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். ஒரு வாரத்தில் முளைத்ததை எண்ணினால் நிலைமை தெரிந்துவிடும். சான்று விதைக்கு உளுந்தில் 75, நெல்லில் 80, நிலக்கடலையில் 70 சதவீதம் குறைந்தபட்ச முளைப்பு என வரையறுத்துள்ளனர். அதற்குச் சற்றுக் குறைந்தால் விதையளவைக் கூட்டலாம். 50க்கும் கீழே இறங்கினால் அதைச் சமையலுக்கோ தீவனத்துக்கோ வைத்துக்கொண்டு, வேறு விதை தேடிக்கொள்ளலாம். எண்ணெயோ சாம்பலோ கலந்திருந்தால் முதலில் நன்கு கழுவ வேண்டும். பூசணம் பிடித்த விதையைத் தீவனமாகவும் கொடுக்கக் கூடாது. மூன்று வார அவகாசம் இருப்பதால் மழை தவறிப் போகாது.

இந்த வட்டார விவசாயிகள் பயறு விதை பற்றிய விவரங்களை வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்திலும், தங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமும் கேட்டறியலாம். வேளாண்மைத் துறையின் விதைப் பரிசோதனை நிலையத்தில் விதை மாதிரி கொடுத்து முளைப்புத்திறனையும் ஈரப்பதத்தையும் அறிந்துகொள்ளலாம்.

டின்னின்மேல் பயிரின் பெயர், இரகம், அறுவடை மாதம், அடைத்த தேதி ஆகிய நான்கையும் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ எழுதி வைப்பது நல்லது. வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது விதை டின் என்று தெரியும். அவசரத்துக்கு யாரும் திறந்து குழம்புக்கு எடுக்க மாட்டார்கள்.